கையெழுத்துக்கு முந்திய இரண்டு கிழமை

கேள்வி:

எனக்கு 33 வயது. ஹட்டனில் ஒரு லீசிங் கம்பனியின் கிளையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். கடன் பைல், டே எண்ட் என்கிற அன்றன்றைய கணக்கு முடிப்பு, நிலுவைக் கடிதம் எல்லாம் என் மேசையில்தான். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை வேலை, சனிக்கிழமை ஒன்றரை வரை. ஆனால் கிழமை நாட்களில் ஏழரைக்கு முன் வெளியே வந்த நாட்கள் குறைவு. அடிப்படைச் சம்பளம் 72,000 ரூபா. ஓவர்டைமாக மாதம் 18,000 அளவில் வருகிறது. இப்போது தலவாக்கலைக் கிளைக்கு உதவி முகாமையாளராகப் போகச் சொல்கிறார்கள். 15,000 கூடும், ஓவர்டைம் கிடையாது. இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு நான்கு வயது. மாமிதான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் முடியவில்லை. கணவர் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

தம்பிக்கு 21. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் ட்ரெய்னியாகச் சேர்ந்து எட்டு மாதம். லீவு நாளில் கூப்பிட்டாலும் போய்விடுகிறான். அப்பாவுக்கு 55. தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கர். இந்த வயதிலும் தொழிலாளர்களின் சம்பளப் பதிவேடான செக்ரோலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஞாயிறு இரவில் கணக்குப் பார்க்கிறார். மூன்று பேருமே ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. எனக்கு மேலே வர ஆசை இருக்கிறது. இந்த முறை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை கேட்பார்களா?

– வாசகி, டிக்கோயா

பதில்:

நீங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் இல்லை, சகோதரி. தம்பிக்குத் தொழில் இன்னும் கைக்கு வரவில்லை. கொஞ்சம் நேரத்தைக் கொடுத்துத்தான் அவர் அதைப் பழக வேண்டும். உங்களுக்குத் தொழில் தெரியும். ஏழரை மணி வரை இருந்து இனிப் புதிதாகப் படிக்கப்போவது அதிகமில்லை. அப்பாவோ தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் வீட்டுக்கு வர முடியும் என்ற கட்டத்தில் இருக்கிறார். ஆகவே பதில் மூன்று. உங்களுக்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள், அதனால் உங்கள் விஷயத்தை முதலில் பார்ப்போம்.

வேலைக்கு எல்லை போட எல்லா நாளும் ஏற்ற நாள் இல்லை. புதிதாகச் சேரும்போது, பதவி உயரும்போது, இடமாற்றம் வரும்போது, பிரசவ விடுமுறை முடிந்து திரும்பும்போது, உங்கள் வேலை என்னவென்று கம்பனியே புதிதாகத் தீர்மானிக்கிறது. இடையில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை "இனி நான் ஐந்தரைக்குப் போவேன்" என்று சொன்னால், நேற்றுவரை செய்ததை இன்று மறுக்கிறீர்கள் என்றுதான் மேலதிகாரி எடுத்துக்கொள்வார். அதே பேச்சைப் பதவிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பேசினால், பொறுப்பை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று திட்டம் சொல்வதாக இருக்கும். கையெழுத்து விழுந்த மறுநாளே உங்கள் பேச்சின் பலம் பாதியாகிவிடும். தந்திருக்கும் இரண்டு கிழமையையும் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே கழித்துவிடாதீர்கள். பேச வேண்டியதைப் பேசி முடிக்கத்தான் அந்த நாட்கள்.

முதலில் சம்பளக் கணக்கு. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். மதிய இடைவேளையைக் கழித்தால் உங்கள் கிளையின் நேரம் சரியாக 45 வருகிறது. அதற்கு மேல் கிழமைக்கு 12 மணித்தியாலம் வரை ஓவர்டைம் செய்விக்கலாம், ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கான தொகை. உங்களுக்கு அது 300 ரூபா, ஒன்றரை மடங்கு 450. மாதம் 18,000 என்றால் 40 மணித்தியாலம். தினம் இரண்டு மணித்தியாலம், கிழமைக்குப் பத்து என்ற கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

இன்று உங்கள் கைக்கு வருவது எவ்வளவு? 72,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 5,760 போக 66,240. ஓவர்டைமில் சேமலாப நிதிக்கு வெட்டுவதில்லை. அதையும் சேர்த்தால் 84,240. புதிய பதவியில் 87,000இல் 6,960 போனால் 80,040. பதவி உயர்ந்து கைக்கு வரும் காசு 4,200 குறைகிறது. தலவாக்கலைக்குப் போய்வரும் பஸ் காசு இதில் இல்லை. இதைப் பார்த்துவிட்டு உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம், கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. கூடும் 15,000க்கு உங்கள் 8 வீதம், கம்பனியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்டும் 3 வீதம் என்று மாதம் 3,450 ரூபா உங்கள் பெயரில் புதிதாகச் சேரும். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு, கடைசிச் சம்பளத்தின் அரை மாதத்தை முடித்த வருடங்களால் பெருக்கித்தான் கணக்கிடப்படுகிறது. ஏற்கெனவே முடித்த ஒன்பது வருடத்துக்கு மட்டும் அது 67,500 ரூபாவால் கூடுகிறது. ஓவர்டைமை எத்தனை வருடம் செய்தாலும் இந்தக் கணக்குகளில் ஒரு சதமும் ஏறாது.

இங்கே இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்த 15,000 அடிப்படைச் சம்பளத்தில் சேருமா, "அலவன்ஸ்" என்று தனியாக வருமா? அலவன்ஸாக எழுதி, சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கணக்கில் எடுக்காமல் விடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அடிப்படையில் சேர்க்கச் சொல்லுங்கள், கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். அடுத்தது தொகை. கைக்கு வருவது குறையாமல் இருக்க 19,565 ரூபா கூட வேண்டும். ஆகவே 20,000 கேளுங்கள். தர முடியாது என்றால் பயணச் செலவுக்காவது ஒரு தொகை கேளுங்கள். இந்த எண்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "கொஞ்சம் கூட்டித் தாங்க" என்பதைவிட "ஓவர்டைம் போனால் எனக்கு 4,200 குறைகிறது, சேர்" என்பது மறுக்க முடியாத பேச்சு.

ஆனால் இந்தப் பதவி லாபமா நட்டமா என்பதைச் சம்பளத்தைவிட அதிகம் தீர்மானிப்பது நேரம்தான். புதிய பதவியிலும் மாதம் 40 மணித்தியாலம் கூடுதலாக உட்கார்ந்தால், இதுவரை காசுக்குச் செய்ததை இனிச் சும்மா செய்கிறீர்கள். அதை 15 மணித்தியாலமாகக் குறைக்க முடிந்தால், 25 மணித்தியாலம் மகளோடு இருக்கக் கிடைக்கும், பதவியும் கிடைக்கும். குறைக்க வழி இருக்கிறது. எங்கே நேரம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மலையகத்தில் கடன் கொடுக்கிற கிளைகளுக்கு ஒரு தனியான தாளம் உண்டு. தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிப் போடப்படுகிறது. அதற்கு அடுத்த மூன்று நான்கு நாளில்தான் வசூல் வந்து குவியும். மாதக் கடைசி மூன்று நாள் டார்கெட், நிலுவை அறிக்கை. கூட்டினால் ஏழு நாள். மற்ற நாட்களில் ஏழரை வரை இருப்பதற்குப் பெரும்பாலும் வேலை காரணமாக இருக்காது. யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பதுதான் காரணமாக இருக்கும்.

யாருக்காக? மாலையில் கிளையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெளிக்கள உத்தியோகத்தர் பொகவந்தலாவைப் பக்கம் போயிருக்கிறார். மழை. ஆறரைக்கு நனைந்த பையோடு வருகிறார். காசை எண்ணி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, சிஸ்டத்தில் போட்டு, டே எண்ட் முடித்தால்தான் காசுப் பெட்டகமான சேப்பைப் பூட்டலாம். சேப்புக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். அதில் ஒரு சாவி உங்களிடம். அவர் வரும் வரைக்கும் உங்களால் நகர முடியாது. உதவி முகாமையாளர் ஆனால் அந்தச் சாவி நிச்சயம் உங்கள் கைக்குத்தான் வரும், அதோடு இன்னும் இரண்டு உத்தியோகத்தர்களின் தாமதமும் சேர்ந்து வரும். இந்த ஓர் இடத்தைச் சரிசெய்யாமல் "ஐந்தரைக்குப் போவேன்" என்று சொல்வதில் பிரயோசனமில்லை.

ஆகவே சாவியைப் பற்றிப் பேசுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இரண்டாவது சாவிக்கு இன்னொருவரையும் பழக்கி, கிழமைக்குக் கிழமை மாறிமாறி வைத்திருப்பது. ஒப்படைக்கும்போது பதிவேட்டில் இருவரும் நேரத்தோடு கையெழுத்திடுவது. காசு ஒப்படைக்க நான்கரை மணி என்று நேரம் வைப்பது. பிந்தி வருபவர் அந்தக் காசை வங்கியின் பண வைப்பு இயந்திரத்தில் கம்பனிக் கணக்குக்குப் போட்டு, ரசீதை அப்போதே கிளைக்கு அனுப்பி, மறுநாள் காலை பற்றுச்சீட்டுகளோடு சரிபார்ப்பது. இதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் கேட்கச் சொல்கிறேன். கணக்காய்வாளர்களும் இதை விரும்புவார்கள். இருட்டில் கைப்பையில் காசோடு ஒருவர் மலைப்பாதையில் வருவதும், ஒரே ஆள் வருடக்கணக்கில் சாவி வைத்திருப்பதும் அவர்கள் அஞ்சுகிற விஷயங்கள்.

அடுத்தது பழைய வேலை. பதவி உயர்ந்தவர்களுக்கு அதிகம் நடக்கிற அநியாயம் இதுதான்: "ஆள் வரும் வரைக்கும் ஹட்டன் பைல்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." ஆள் வர ஆறு மாதமாகும். வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் தலையில்தான். இப்போதே ஒரு தாளில் உங்கள் மேசையில் இருக்கும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரிடம் போகும், எந்தத் திகதிக்குள் போகும் என்று நிரப்ப இடம் விடுங்கள். முகாமையாளரோடு உட்கார்ந்து அதை நிரப்புங்கள். முப்பது நாளைத் தாண்டிய திகதி எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதியவருக்கு முதல் கிழமை நீங்கள் செய்து காட்டுங்கள், இரண்டாம் கிழமை அவர் செய்ய நீங்கள் பாருங்கள், மூன்றாம் கிழமை அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த மூன்றாம் கிழமையில்தான் பலர் தவறுகிறார்கள். அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பைலை வாங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள். அப்புறம் அது என்றைக்கும் அவர்கள் பைல்தான்.

மூன்றாவது விஷயம் போன். கிளையின் வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்கும் செய்தி வரும். உதவி முகாமையாளர் ஆனபின் அது இன்னும் கூடும். குழுவை மியூட் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தால், நீங்கள் அலட்சியப்படுத்துவதாக நினைப்பார்கள். முதல் கிழமையிலேயே எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்: காசு குறைந்தால், வெளியே போனவருக்கு விபத்து என்றால், கிளையின் அலாரம் அடித்தால், எந்த நேரமும் கோல் எடுக்கலாம். மற்றதை எழுதி வையுங்கள், காலை எட்டரைக்குப் பதில் வரும். சொன்னபடி எட்டரைக்குப் பதில் போட்டே ஆகவேண்டும். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, தூக்கம் வராமல், சின்ன விஷயம்தானே என்று ஒரு பதில் போட்டுவிட்டால், அடுத்த நாளிலிருந்து பத்து மணியும் வேலை நேரம்தான்.

இதையெல்லாம் முகாமையாளரிடம் எப்படிச் சொல்வது? கோரிக்கைப் பட்டியலாகக் கொண்டு போக வேண்டாம். "சேர், இந்தப் பொறுப்பை எடுக்க எனக்கு விருப்பம். சம்பள நாளுக்குப் பிறகு நாலு நாளும் மாதக் கடைசி மூணு நாளும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருப்பேன். மற்ற நாளில ஆறு மணி பஸ்ஸுக்குப் போகணும். அதுக்குச் சாவியையும் பழைய பைல்களையும் எப்படி ஒழுங்குபடுத்தலாம்னு எழுதிக்கொண்டு வந்திருக்கேன், பாருங்க." இப்படித் தொடங்குங்கள். மேலே இருப்பவர்களுக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைவிட, சிக்கல் வரும் நாளில் இருப்பீர்களா என்பதுதான் கவலை. அந்தக் கவலையை நீங்களே முதலில் தீர்த்துவிட்டால் மற்ற பேச்சு எளிதாகும். பேசி முடித்த அன்றைக்கே "இன்று பேசியபடி" என்று தொடங்கி நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பேச்சு சிங்களத்தில் நடந்து கடிதம் ஆங்கிலத்தில் வரும் நம் அலுவலகங்களில், இடையில் விஷயங்கள் நழுவிப்போவது சர்வசாதாரணம். கடிதம் கைக்கு வந்ததும் அந்த மின்னஞ்சலோடு வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அது திருப்தியாக இல்லாவிட்டால் பழைய பதவிக்குத் திரும்பலாமா என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிர்வாகப் பதவி என்பதால் ஓவர்டைம் இல்லை என்கிறார்கள். பெயர் மட்டும் மாறி, வேலை அப்படியே இருந்தால் அது எந்தளவுக்குச் செல்லுபடியாகும் என்பதைக் கையெழுத்துக்கு முன் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆலோசனை கேட்பது முறைப்பாடு ஆகாது.

வருடத்தின் 14 நாள் விடுமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சில்லறையாகக் கரைக்காமல், ஒரு கிழமையைச் சேர்த்து எடுங்கள், ஜனவரியிலேயே திகதி கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத அந்தக் கிழமையில் எது நின்றுபோகிறதோ, அதுதான் நீங்கள் இன்னும் யாருக்கும் பழக்காத வேலை.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் மாமி மகளைப் பார்க்கிறார், அவருக்கு முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் தொடர்பே இல்லாதது போல இருக்கிறது. மூன்றிலிருந்து ஆறரை வரை மகள் அப்பாவின் பொறுப்பு, அந்த ஏழு நாட்களில் இரவுச் சாப்பாடும் அவர் பொறுப்பு என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று கேட்டால், முடிந்த நாளில் செய்வார். நேரத்தையும் வேலையையும் சொல்லி ஒப்படைத்தால் அது அவருடையதாகும். இந்தப் பேச்சு முகாமையாளரோடு பேசுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஆறு மணி பஸ்ஸா ஏழு மணி பஸ்ஸா என்பது அதைப் பொறுத்தது.

இனித் தம்பி. இருபத்தொரு வயதில் கூடுதலாக வேலை செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். கிச்சன் தொழில் புத்தகத்தில் வராது, அடுப்படியில் நின்றால்தான் வரும். ஆனால் எட்டு மாதத்தில் எங்கே நின்றார் என்று கேளுங்கள். குளிர்ச் சாப்பாடு, சூடான பகுதி, பேக்கரி, இறைச்சி வெட்டும் பகுதி என்று மாறி வந்திருந்தால் அந்த நேரம் அவருடைய முதலீடு. எட்டு மாதமும் மரக்கறி வெட்டிக் காலைச் சாப்பாட்டு பபேயை நிரப்பியதுதான் வேலை என்றால், லீவு நாளில் போய் அதையே இன்னும் பத்து மணித்தியாலம் செய்வதில் படிக்க எதுவுமில்லை. செஃபிடம் போய், "மூணு மாசத்துக்கு ஒரு செக்ஷன் மாத்தித் தாங்க சேர், லீவு நாளில கூப்பிட்டா அந்தப் புது செக்ஷனுக்குன்னா வாறேன்" என்று கேட்கட்டும். ஆர்வமும் தெரியும், வரம்பும் விழும்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா முழுவதும் நிரம்பி வழியும். அந்த மாதம் எந்த ஹோட்டலிலும் ஓய்வு கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். மற்ற மாதங்களில் ஒன்றுக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளக் கூடாது: இரவு கிச்சன் மூடும் வரை நின்றவர் மறுநாள் காலை திறக்கவும் வருவது. இரட்டை ஷிப்டின் கடைசி இரண்டு மணித்தியாலத்தில்தான் கத்தி வழுக்குவதும் எண்ணெய் கொட்டுவதும். அந்தக் காயத்தோடு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் வருமா என்பதையும் ட்ரெய்னிகள் பெரும்பாலும் கேட்டு வைப்பதில்லை.

தினமும் எத்தனை மணிக்கு உள்ளே போனார், வெளியே வந்தார் என்று போனில் குறித்து வைக்கட்டும். சேமலாப நிதி தகுதிகாண் காலத்திலும் கட்டப்பட வேண்டும், சம்பளச் சிட்டையில் அந்த வெட்டும் அங்கத்துவ இலக்கமும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சர்விஸ் சார்ஜ் ட்ரெய்னிக்கு உண்டா, எந்த மாதத்திலிருந்து என்பதையும் கேட்கட்டும். நம் பிள்ளைகள் பலர் இரண்டு மூன்று வருடத்தில் மாலைதீவுக்கோ துபாய்க்கோ போக நினைக்கிறார்கள். அங்கே எத்தனை மணித்தியாலம் உழைத்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த செக்ஷனில் நின்றார் என்று எழுதிய சேவைக் கடிதமும், என்.வி.க்யூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கேட்பார்கள். வேலை செய்து பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழ் தரும் முறையும் இருக்கிறது. லீவு நாள் ஒன்றை அதற்கான ஆவணங்களைச் சேர்ப்பதில் செலவிட்டால், அது ஹோட்டலுக்குப் போவதைவிட அவருக்கு நல்லது.

அப்பாவின் நிலைமை எனக்கு அதிகம் கவலை தருகிறது. தோட்டத்து ஆபிஸில் வேலை, தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் வீடு. தோட்டத்து முகாமையாளரான துரை கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் போகிற தூரம். இப்படி முப்பது வருடம் இருந்தவரிடம் "ஐந்து மணிக்குப் பிறகு போகாதீர்கள்" என்று பிள்ளைகள் சொன்னால் கோபம்தான் வரும். அவருக்கு அந்த வேலையில்தான் மதிப்பு. அந்த மதிப்பைத் தொடாமல் பேச வேண்டும்.

செக்ரோல் ஏன் வீட்டுக்கு வருகிறது? 10ஆம் திகதிக்குள் சம்பளம் போட வேண்டும். அதற்குள் ஒவ்வொருவரின் பேரும் அரைப்பேரும் (முழுநாள், அரைநாள் வேலைக் கணக்கு), நாளுக்கு விதித்த நிறைக்கு மேல் எடுத்த கொழுந்தும், முற்பணமும், கடன் வெட்டும் சரிபார்த்து முடிய வேண்டும். மாதத்தின் முதல் ஒன்பது நாளில் அவ்வளவும் அவர் ஒருவர் தலையில் விழுகிறது. அதே சம்பளத்தை வைத்துத்தான் உங்கள் கிளையின் வசூலும். ஒரே வீட்டில் இருவருக்கும் அடுத்தடுத்து நெருக்கடி வருவதற்கு அதுவே காரணம். ஆபிஸில் இளம் கிளாக்கர் ஒருவர் இருப்பாரே, மாதம் முழுவதும் வருகிற வெட்டுகளையும் முற்பணங்களையும் அன்றன்றைக்கே அவர் பதிந்து வந்தால், முதல் ஒன்பது நாளில் மிஞ்சுவது சரிபார்ப்பு மட்டும். சரிபார்ப்பு அப்பாவுடைய வேலை. அதில் அவர் கண் வேண்டும். பதிகிற வேலைக்கு அவர் கண் வேண்டியதில்லை. "ஆபிஸில இருக்கிற அந்தத் தம்பிக்கு வேலை பழக்குங்கப்பா, உங்களை விட்டா யார் பழக்குவாங்க" என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார். ஒரு பெரிய கொப்பியில், எந்தக் கணக்கு எந்த நாளில், எந்தப் பிழை அடிக்கடி வரும், எங்கே பார்த்தால் பிடிபடும் என்று அவரே எழுதட்டும். அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் எங்கேயும் எழுதப்படாதது.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, 15 பேருக்குக் குறையாத தனியார் வேலைத்தளங்களில் ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. ஆகவே அவருக்கு இன்னும் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தின் ஞாயிறுகளில் செக்ரோலைவிட அவசரமான ஒரு வேலை அவருக்கு இருக்கிறது: ஓய்வு பெறும் நாளில் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். எங்கே போய் இருப்பது? காணி எங்கே, யார் பெயரில், கட்ட எவ்வளவு என்ற பேச்சை 59 வயதில் தொடங்கினால், பணிக்கொடை முழுவதும் வாடகையிலும் அவசரத்திலும் கரையும். தோட்டத்து உத்தியோகத்தர்கள் சிலருக்குச் சேமலாப நிதி பொது நிதியத்தில் இல்லாமல் தோட்டச் சேவையாளர் சேமலாப சங்கத்தில் இருக்கும். அவருடையது எங்கே இருக்கிறது, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அங்கே சரியாக இருக்கிறதா, அவருக்குப் பின் காசைப் பெறும் பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த மாதமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, பிறந்த திகதியில் ஒரு வித்தியாசம் என்று நம் மக்களின் காசு வருடக்கணக்கில் இழுபடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர் இருப்பது நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். வேலையில் இருக்கும்போது திருத்துவது, ஓய்வுக்குப் பின் திருத்துவதைவிட மிகவும் எளிது.

கடைசியாக நீங்கள் கேட்டது: வேண்டாம் என்றால் அடுத்த முறை கேட்பார்களா? சாவி, பழைய பைல், சம்பளம் இந்த மூன்றில் இரண்டுக்காவது எழுத்தில் சம்மதம் வந்தால் போங்கள் என்பதே என் கருத்து. ஒன்றுக்கும் வராவிட்டால், போகாமல் இருப்பதே சரி. அப்போதும் "வீட்டுப் பிரச்சினை" என்று காரணம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், பிள்ளை வளரும் வரை உங்களைக் கேட்க வேண்டியதில்லை என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். பதிலை எழுத்தில் கொடுங்கள்: உதவி முகாமையாளர் பொறுப்பில் எனக்கு விருப்பம் உண்டு, தற்போதைய ஏற்பாட்டில் அதைச் சரியாகச் செய்ய முடியாது என்று கருதுகிறேன், ஹட்டன் கிளையிலோ சாவி ஏற்பாடு மாறிய பிறகு தலவாக்கலையிலோ அதே பொறுப்பை ஏற்கத் தயார், அதுவரை இங்கே இரண்டாவது ஒருவரை டே எண்டுக்குப் பழக்கி வைக்கிறேன். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் கம்பனிகளில் பதவி உயர்வுப் பெயர்கள் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடும். உங்கள் கம்பனியும் அப்படியென்றால், ஜனவரி முதல் கிழமையில், யாரும் கேட்கும் வரை காத்திராமல், அந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்து முகாமையாளருக்கு நீங்களே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பழக்கிவிட்டவரின் பெயரையும், அவர் தனியாக டே எண்ட் முடித்த நாட்களையும் அதில் எழுதுங்கள்.